கொட்டாங்கச்சிக் கரி

துளசிராமனுக்கு மூக்கு செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தங்கச் சுரங்கத்தில் வெடிப்புகையைச் சுவாசித்துச் சுவாசித்து, ஒரு நாள் ரசம் கொதிக்கிற வாசனைகூடத் தெரியாமல் போயிற்று. அதன் பிறகு அவரைத் தரைக்கு மேலே எடுத்து, விபத்து நேரத்தில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கும் ஆட்களின் சுவாச முகமூடிகளைச் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். அறுபத்து நாலாம் வருஷம் அதிலிருந்தும் ஓய்வு கொடுத்தார்கள். மறு வருஷம் மனைவி சௌந்தரம் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வாடகை வீட்டில் அவர் தனியாக இருந்தார். இரண்டு அறைகளில் ஒன்றில் படுத்துக்கொண்டார். சௌந்தரம் படுத்துக் கிடந்த அறையைப் பூட்டி வைத்தார்.

அந்தப் பூட்டைத் திறக்க வைத்தவர் சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் சமையல் பார்க்கும் ஆர்தர். டின்னில் வரும் காளானைத் திறந்து திறந்து சலித்துப்போயிற்று, யாராவது புதிதாக வளர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். துளசிராமன் பெங்களூருக்குப் போய், விவசாயப் பண்ணையில் காளான் விதை பாட்டில்களை வாங்கிவந்தார். ஜன்னலைக் கோணியால் அடைத்தார். வைக்கோலைக் கட்டுக் கட்டாக ஊறவைத்து அடுக்கி, நடுவில் விதையைப் போட்டு, கொள்ளு மாவு தூவினார். இரண்டு வாரத்தில் வைக்கோலின் இடுக்கில் சாம்பல் நிற மொட்டுகள் எட்டிப் பார்த்தன. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததுபோல் இருந்தது அவருக்கு.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுத் தங்கம்மா வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வூட்ல இன்னா செத்துக் கீது?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பு கூசிப்போயிற்று. ஊறிய வைக்கோலும் புளித்த மாவும் சந்து முழுக்க நாறிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. தங்கம்மாவின் மருமகள் அம்சவேணி மூன்று மாதக் கர்ப்பம். வாயில் எது வைத்தாலும் குமட்டுகிறதாம்.

எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டிவிடலாம் என்று அன்று முழுக்க நினைத்தார். மனசு வரவில்லை. முகமூடி டப்பாக்களுக்குள் விஷக்காற்றைப் பிடித்து வைப்பது கொட்டாங்கச்சிக் கரிதான் என்பது அவருக்குத் தெரியும். மனுஷனைக் காப்பாற்றுகிற கரி, ஒரு வைக்கோல் நாற்றத்தைப் பிடிக்காதா என்று தோன்றியது. பழைய சாமான் கடையில் ஒரு மின்விசிறியை வாங்கி, அறையின் காற்றெல்லாம் அதன் வழியாகவே வெளியே போகும்படி வென்டிலேட்டரில் பொருத்தினார். அதற்கு முன்னால், இரண்டு பக்கமும் கம்பிவலை வைத்த தகரப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் கரி.

எந்தக் கரி சரி என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டும். அவருக்கு அது இல்லை. தயங்கித் தயங்கித் தங்கம்மாவிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

தினம் காலை ஏழு மணிக்கு அவள் வருவாள். சந்துப் பக்கம் வென்டிலேட்டருக்குக் கீழே நின்று மோந்து பார்ப்பாள். முதலில் கடையில் வாங்கிய விறகுக் கரியைப் போட்டிருந்தார். புளித்த கஞ்சி நாற்றம் அப்படியே இருக்கிறது என்றாள். பொடியாக இடித்துப் போட்டார். பொடி வலையை அடைத்துக்கொண்டது, விசிறி திணறியது. பிறகு கொட்டாங்கச்சிகளை மூடிய டின்னுக்குள் சுட்டு, கரியைச் சிவக்கக் காய்ச்சி, கெட்டிலிலிருந்து குழாய் வழியாக அதன்மேல் நீராவி விட்டார். அப்படிச் செய்தால்தான் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் திறக்கும். அதைக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்துச் சலித்தார். அன்றைக்கு நனைந்த கோணி வாசனைதான் வருகிறது என்றாள் அவள். அறையின் ஈரத்தில் கரி சோர்ந்துவிடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. ஈரத்தையும் தூசியையும் தடுக்க முன்னால் பஞ்சு வைத்துத் தைத்த துணி ஒன்றைக் கட்டினார். கரியின் கனத்தை நாலு விரலிலிருந்து எட்டு விரலாக்கினார்.

மோந்து பார்த்த பிறகு அவள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்காருவாள். அவர் இரண்டு டம்ளர் காபி போடுவார். மகன் ராஜேந்திரனுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட், மருமகள் ராத்திரி தூங்கினாளா, பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்றைக்குக் குழாயில் வருமா என்று பேசிக்கொண்டிருப்பாள். அவர் கரியைப் பற்றிச் சொல்வார். அவளுக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். இருந்தாலும் தலையாட்டிக் கேட்டாள். இப்படிப் பத்தொன்பது காலைகள்.

இருபதாம் நாள் அவள் வென்டிலேட்டருக்குக் கீழே நெடுநேரம் நின்றாள்.

"ஒண்ணுமே இல்லண்ணா. சுத்தமா இல்ல."

மருமகளிடம் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். காபி ஆறியது. மறுநாளும் ஏழு மணிக்கு அவர் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தார். அவள் ஏன் வரப்போகிறாள்? நாற்றம்தான் போய்விட்டதே. அதற்கடுத்த நாள் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

கரி பதினைந்து நாளுக்கு மேல் தாங்காது, மாற்ற வேண்டும். புதுக் கரி டின்னில் தயாராக இருந்தது. பதினைந்தாம் நாள் வந்தது. நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவிட்டார். மறுநாளும் விட்டுவிட்டார். ஏன் என்று தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஏழு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

தங்கம்மா வரவில்லை. கரி மாற்றாமல் விட்ட ஐந்தாம் நாள் காலை, சாக்கடையோரம் அம்சவேணி ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். தங்கம்மா தன் வீட்டு ஜன்னலில் பழைய புடவையைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஏதோ முணுமுணுக்க, தங்கம்மா தாழ்ந்த குரலில் அவளை அடக்கினாள்.

"உட்றி. அந்த மனுஷனும் எவ்ளோ பாடுபட்டாரு. இன்னா பண்ணுவாரு பாவம்."

துளசிராமன் உள்ளே போய் விசிறியை நிறுத்தினார். பழைய கரியைக் கொட்டிப் புதுக் கரியை நிரப்பி, துணியையும் மாற்றி, விசிறியைப் போட்டார். பிறகு கரி படிந்த கையோடே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கரி மாத்தணும்னு எனக்குத் தெரியும்மா. வேணும்னேதான் மாத்தல," என்றார். "நாத்தம் அடிச்சா நீ வருவேன்னு..."

தங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ நாலு நாளா சோறு துன்னலண்ணா," என்றாள். திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

அதன் பிறகு பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, தவறாமல் கரி மாற்றினார். வெள்ளிக்கிழமைகளில் ஆர்தர் வந்து காளானை வாங்கிப்போனார். குழாயடியில் தங்கம்மா தன் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விடுவாள், பேச மாட்டாள். அம்சவேணி பிரசவத்துக்குப் பங்காருபேட்டையில் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை என்று ராஜேந்திரன்தான் சந்து முனையில் சொன்னான்.

குழந்தையைக் கூட்டிவந்த வாரம், துளசிராமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் யாராவது வருவார்களா என்று அவர் பார்த்திருந்தாரே தவிர, தானாக யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. தங்கம்மா ஒரு கணம் வாசலை மறித்து நின்றாள். பிறகு நகர்ந்து பாயை விரித்தாள். அம்சவேணி குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இன்னும் பேர் வைக்கவில்லை என்றாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் அவர். ராஜேந்திரன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்து, அவனோடு தானும் எழுந்தார்.

தங்கம்மா படிவரை வந்தாள். "வாங்கண்ணா," என்றாள். அது போய் வாருங்கள் என்பதா, இன்னொரு நாள் வாருங்கள் என்பதா என்று யோசித்தபடியே அவர் வீட்டுக்குள் போய், மறுநாளைக்கான வைக்கோலை நறுக்க உட்கார்ந்தார்.