பின்சீட்டு மணி

இப்போது வருகிற கார்களை எனக்குப் பிடிக்காது. அவற்றைப் பழுது பார்த்துத்தான் பிழைக்கிறேன், இருந்தும் பிடிக்காது. தகர டப்பாவுக்கு நாலு சக்கரம் மாட்டி, நடுவில் ஒரு டிவியை ஒட்டிவைத்து, கார் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் முதுகெலும்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இதை வாய்விட்டுச் சொன்னால், "உனக்கு வயசாயிடுச்சு மெக்கானிக்கு" என்று சிரிக்கிறார்கள். வயசாகிவிட்டதுதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் காலத்துப் பெரிய வண்டியில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தவன்கூட வேறு மாதிரிப் பேசமாட்டான்.

நான் சொல்கிற வண்டி கறுப்பு நிறம். என் பட்டறையில் நெடுக்கே நிறுத்தினாலும் அதன் பின்பக்கம் ஒரு முழம் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்சீட்டில் ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஏற்றி இறக்குகிற கண்ணாடி. பின்கதவின் உட்பக்கக் கைப்பிடியில் ஒரு வெள்ளைப் பொத்தான். அதை அழுத்தினால், முன்னால் ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு மணி அடிக்கும். முதலாளி டிரைவரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டாம் என்று வைத்த மணி. ஓடும்போது அந்த வண்டி உருளுகிற மாதிரியே இருக்காது. நாம் உட்கார்ந்திருக்கிற அறை நம்மோடு சேர்ந்து நகர்கிற மாதிரி இருக்கும்.

அதில் நான் முதன்முதலில் ஏறியபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள். அந்த வண்டி மில் முதலாளியுடையது. அதன்மேல் விரல் பட்டாலே டிரைவர் எங்களை அடிக்க வருவார். ஒருநாள் அதே வண்டி எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அம்மா மில்லில் மயங்கி விழுந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, காலெல்லாம் தொடைக்க வேணாம்" என்றார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அதிலேயே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அக்கா அந்தப் பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தலாமா?" என்று கேட்டாள். "எத்தனை தடவை வேணும்னாலும் அழுத்துங்கம்மா" என்றார் அவர்.

வழி முழுக்க அழுத்தினோம். சீட்டில் ஏறிக் குதித்தோம். அக்கா முதலாளியம்மா மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு, "டிரைவர், மெதுவா போ" என்று அதட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். போய்ச் சேர்ந்தபோது அம்மா இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. வராந்தாவில் ஒரு கட்டில், பக்கத்தில் யாருமே இல்லை. "பிள்ளைங்க வந்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள் நர்ஸ்.

அக்கா அதை மறக்கவே இல்லை. கல்யாணமாகி, தலை நரைத்து, ஐம்பது வயது தாண்டிய பிறகும், எங்கள் இருவரைத் தவிர அறையில் யாரும் இல்லாத சமயத்தில் திடீரென்று ஆரம்பிப்பாள். "அம்மா அங்க தனியா கெடந்தாடா. நான் இங்க பெல் அடிச்சுச் சிரிச்சிட்டிருந்தேன்." நானும்தானே சிரித்தேன்.

போன வருடம் அவளுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம். வாரம் ஒரு தடவை போயாக வேண்டும். சாலையோ, குழாய் பதிக்கிறோம் என்று தோண்டித் தோண்டி மூடிய சாலை. முதல் தடவை ஒரு வேனில் கூட்டிப்போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தபோது துண்டில் ரத்தம். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிர்ந்துகூடப் பேசமாட்டார். அன்றைக்கு அந்த வேன்காரனைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார். நாங்கள் மறைக்கப் பார்த்தோம். அவளா ஏமாறுகிறவள்? வெளியே வந்ததும், "ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க? எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "செத்துப் போறதுக்கு எனக்குப் பயமில்லடா. அம்மா மாதிரி தனியா போகக் கூடாது. அந்த நேரத்துல உங்கள்ல யாராவது ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கணும். வேற எதுவும் வேணாம்." பிடித்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்த வண்டி ஞாபகத்துக்கு வந்தது. மில் மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. முதலாளியின் பேரன்கள் வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு, பழைய இரும்புக்காரனிடம் பேசி முடித்திருந்தார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி இழுத்து வந்தேன். மற்ற வேலையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு ராப்பகலாக உட்கார்ந்தேன். எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துக் கட்டினேன். ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினேன். தெருவே கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது, அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பழசைக் கிளறிவிட்டேனோ என்று நினைத்தேன்.

"அந்த வண்டிதானே?" என்றாள்.

"அதேதான்க்கா."

"பெல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி. ஒரு தடவை அடிச்சா மெதுவா போ. ரெண்டு தடவை அடிச்சா வண்டியை நிறுத்திட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கோ. அன்னைக்கு வெட்டியா அடிச்ச பெல்லு, இப்பவாவது உருப்படியா ஒரு வேலை செய்யட்டும்."

அந்த வண்டியில் அவள் துண்டைக் கடிக்கவில்லை. தோண்டிப் போட்ட சாலையில் நான் ஊர்ந்து போவேன். அவள் பின்சீட்டில் நீட்டிப் படுத்திருப்பாள். பின்னால் மடக்கு நாற்காலி ஒன்று உண்டு, அதில் மாமா உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். பெட்ரோல் வாடை வந்தாலே அவளுக்குக் குமட்டும் என்பதால் நடுக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். படுத்திருப்பவள் எனக்குப் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தெரியமாட்டாள், பேசினாலும் கேட்காது. மணி ஒன்றுதான் எங்கள் பேச்சு. வேண்டுமென்றே ஒரு தடவை அடித்து என்னை வம்புக்கு இழுப்பாள். ஏற்கெனவே நத்தை மாதிரிப் போகிற வண்டியை இன்னும் எங்கே மெதுவாக்குவது?

வலி குறைந்ததும் அவள் காது கூர்மையாகிவிட்டது. வண்டியில் சின்னச் சின்னச் சத்தம் கேட்டாலும் பிடித்துவிடுவாள். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் பூச்சி. "இடது கதவுல ஒரு பூச்சி கத்துதுடா" என்பாள். மறுநாள் அந்தக் கதவைப் பிரிப்பேன். "கூரையில ஒண்ணு." கூரைத் துணியைக் கழற்றி, தளர்ந்த கம்பியை இறுக்குவேன். ஒவ்வொன்றாகக் கொன்றேன். சத்தமில்லாத வண்டியை அவளுக்குக் கொடுத்தே தீருவது என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கிண் கிண் என்று மெல்லிய சத்தம். கண்ணாடியைத் தாண்டி அது எப்படித்தான் அவளுக்குக் கேட்டதோ. "அந்த ஒரு பூச்சியையும் கொன்னுடுடா, நிம்மதியா கண்ணை மூடிப் படுத்துக்கறேன்" என்றாள். மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடம், விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். மணியைப் பிடித்திருக்கிற தகடு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டுமானால் டாஷ்போர்டையே இறக்க வேண்டும், மறுநாள் காலை ஆஸ்பத்திரி. ஒரு கம்பளித் துண்டை மடித்துத் தகட்டுக்குப் பின்னால் இறுக்கித் திணித்தேன். சத்தம் நின்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவில் இரண்டு சுற்று தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் பின்சீட்டுப் பொத்தானை எதற்கு அழுத்திப் பார்க்கப் போகிறான்? முப்பத்தைந்து வருடத் தொழில். எதில் கை வைத்தாலும் கடைசியில் ஒரு தடவை இயக்கிப் பார்க்காமல் வண்டியை வெளியே விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன்.

மறுநாள் மாமாவுக்குப் பள்ளியில் பரீட்சை. எவ்வளவு கேட்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. அக்காதான், "டிரைவர் இருக்கான், பெல் இருக்கு, போங்க" என்று அவரைத் துரத்தினாள். தலைக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்துப் படுக்கவைத்தேன். கண்ணாடியை ஏற்றப் போனபோது, "என்ன டிரைவர், பூச்சி செத்துச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணுகூட உயிரோட இல்ல" என்றேன். சிரித்தாள்.

அந்த வண்டி அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்பு ஓடியதே இல்லை. எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வழக்கமாக, வழியில் இருக்கிற பாலத்தின் இணைப்பு மேட்டில் வண்டி ஏறும்போது அக்கா ஒரு தடவை மணியடிப்பாள். அன்று அடிக்கவில்லை. தோண்டிப் போட்ட இடத்திலும் அடிக்கவில்லை. தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, தூங்கட்டும் என்று நினைத்தேன். ஏரிக்கரைப் பக்கம் புதிதாகப் போட்ட சாலை ஒன்று உண்டு, இருபது நிமிடம் சுற்று. அவள் தூக்கம் கலையக் கூடாது என்று அதில் திருப்பினேன். தண்ணீர் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். மறைக்காமல் சொல்கிறேன், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். தலையணை கீழே கிடந்தது. அக்கா ஒருக்களித்து, எதிர்க் கதவோடு ஒட்டிக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலது கை கைப்பிடியில், கட்டைவிரல் பொத்தான் மேலே. நகம் வெளுக்கும்படி அழுத்தியிருந்தாள்.

உள்ளே ஏறி, அந்த விரலின் மேலேயே என் விரலை வைத்து அழுத்தினேன். முன்பக்கத்திலிருந்து துணிக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். திணித்த கம்பளி நழுவி, மணிக்கிண்ணத்துக்கும் அதை அடிக்கிற சுத்திக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. அவள் எத்தனை தடவை அழுத்தினாளோ, எந்த இடத்தில் ஆரம்பித்தாளோ, பாலத்திலா, ஏரிக்கரையிலா, எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நான் பாடிக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவள் விரலை மெதுவாகப் பிரித்து, கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தேன்.

மாமா பரீட்சை அறையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அவர் கேட்ட முதல் கேள்வி, "பெல் அடிச்சாளா?"

"எனக்குக் கேக்கல மாமா" என்றேன். அது பொய் இல்லை.

"அப்ப தூக்கத்துலயே போயிருக்கா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தூக்கத்தில் போயிருக்கிறாள், கொடுத்துவைத்தவள், ஒரு பொத்தானை அழுத்துகிற அளவுக்குக்கூட வலி தெரியவில்லை. என் காதுபடவே சொன்னார்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள் டாஷ்போர்டை இறக்கினேன். கம்பளித் துண்டை உருவி எடுத்தேன், தகட்டைப் புதுத் திருகு போட்டு இறுக்கினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதை ஏன் அப்போது செய்தேன்? தப்பை மறைக்கவா என்று கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கை சும்மா இருக்கவில்லை, செய்தேன்.

மூன்று வாரம் கழித்து மாமா பட்டறைக்கு வந்தார். சட்டைக் காலர் தொளதொளவென்று கிடந்தது. "ஒரு தடவை உள்ளே உக்காந்துக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். கதவைத் திறந்துவிட்டேன். மடக்கு நாற்காலியில் உட்காரவில்லை. அக்கா படுத்த சீட்டிலேயே உட்கார்ந்து, அவள் தலை வைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போய் நின்றேன்.

பொத்தானை அவர் அழுத்துவார் என்று நான் நினைக்கவில்லை. கணீரென்று அடித்தது. பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள்கூட அதிர்ந்தன. மாமா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு நடுக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு சத்தமாவா அடிக்கும்?"

"ம்."

"அப்ப நிச்சயமா அவ அடிக்கல. அடிச்சிருந்தா செத்தவனுக்கும் கேட்டிருக்குமே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மூன்று வாரத்தில் அவர் முகத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் தெளிவு. "ராத்திரியெல்லாம் அதையே போட்டு உழப்பிக்கிட்டு இருந்தேன். ஒருவேளை அடிச்சிருப்பாளோ, உனக்குக் கேக்கலையோன்னு. கேட்டா உன் மனசு கஷ்டப்படும்னுதான் இவ்வளவு நாள் வரல. அவ அடிக்கலதானே?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"அடிக்கல மாமா" என்றேன். இந்தத் தடவை அது பொய்.

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பிறகு யோசனையில் விரல் போய்ப் பொத்தான் மேல் பட்டதோ என்னவோ, மணி மறுபடியும் அடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

நான் ஓடினேன். இரண்டே எட்டில் போய்ப் பின்கதவைத் திறந்து கையை நீட்டினேன். மாமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். இறங்குவதற்குக் கை கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார், தன் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிக் கீழே நின்ற பிறகும் நான் விடவில்லை.