மேனுகா சொன்ன முடிவு

வாய்க்கரிசித் தட்டை மேனுகாவின் கையிலிருந்து அப்பாவின் அக்கா வடிவம்மா மாமி வாங்கிக்கொண்டார். அம்மா நேசமலரின் சவப்பெட்டியை மூட அரைமணி நேரம் இருந்தது. உரித்துக்காரர் மட்டும் போட்டால் போதும் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

யாரைத் தவிர்க்கிறார் என்பது பந்தலில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வயற்காரர் யோகலிங்கம் வாசல் படலையடியில் நின்றார். மனைவியை இழந்தவர். வருகிற ஆவணியில் அம்மாவுக்கும் அவருக்கும் பதிவுத் திருமணம் என்றிருந்தது.

“போனிலை ஜப்பான் நாடகம் பாத்துத்தான் நேசமலருக்குப் புத்தி பேதலிச்சது,” என்றார் மாமி. “ஐம்பத்தெட்டு வயசு. என்ரை தம்பி போய்ப் பதினாறு வருசம் ஒழுங்காத்தானே இருந்தவள்.”

விடியற்காலையிலிருந்து இதே கதைதான். மேனுகாவுக்குத் தலை இடித்தது.

அம்மாவும் அவளும் பின்னேரங்களில் அந்த நாடகங்களைச் சேர்ந்து பார்ப்பார்கள். படத்தின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்து மேனுகா தமிழில் சொல்வாள். முதலில் பார்த்த நாடகங்களில் ஐம்பது தாண்டிய பெண்கள் தேநீர் ஊற்றினார்கள், மருமகளைக் கரித்துக்கொட்டினார்கள், புருசன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார்கள். வேறு வேலை இல்லை. கடைசியாகப் பார்த்ததில் மட்டும் நூடில்ஸ் கடை வைத்திருந்த விதவை ஒருத்தி, அறுபது வயது, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு மீன் வியாபாரியோடு சிரித்துப் பேசினாள். கடைசிப் பாகத்தில் அவளும் கடையைப் பூட்டிவிட்டு, பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெட்டியோடு மகன் வீட்டுக்குப் போனாள். மேனுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மீன்காரரைக் கட்டப்போறாவாம்,” என்று அம்மாவிடம் மாற்றிச் சொன்னாள்.

“அப்ப பெட்டியோடை எங்கை போறா?”

“கலியாண உடுப்பு எடுக்க.”

அம்மா அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். மறுநாள், நான்கு மாதமாகப் பதிலுக்குக் காத்திருந்த யோகலிங்கத்துக்கு ஓம் சொன்னார். மூன்று வாரத்தில் நெஞ்சுவலி.

“கையெழுத்தும் வைக்கேல்லை. அந்தாளுக்கு என்ன உரித்து?” மாமி இன்னும் நிறுத்தவில்லை.

மேனுகா தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு படலைக்குப் போனாள்.

“நீங்களும் போடுங்கோ.”

“வேண்டாம் பிள்ளை. மாமி பேசுவா.”

“போடாட்டியும் பேசுவா. வாங்கோ.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பெண்கள் கொஞ்சம்தான் விலகினார்கள். அவர் போட்ட அரிசியில் ஒரு மணி தவறி அம்மாவின் உதட்டுக்குக் கீழே நாடியில் ஒட்டியது. அவர் எல்லோரையும் பார்த்தார். பிறகு விரல் நுனியால் அதை எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் கையை மூடிக்கொண்டார்.