மணிக்கட்டில் போட்ட முடிச்சு

நெல் மில்லின் முன்னறையில் அன்று காலை இருந்தவர்கள்: பண்ணையார் துரைராசு, மின்விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில். அவருடைய குதிரையைப் பராமரிக்கும் மீரா உசேன், கதவோரம் தவிட்டு மூட்டைமேல். பந்தயக் குழுச் செயலாளர் காயாரோகணம், பண்ணையாருக்கு எதிரே, மேசையில் காகிதமும் பேனாவுமாக. எல்லையம்மாள் வாசல் வெயிலில் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவள் புருசன் வீரையன், காணும் பொங்கல் பந்தயத்தில் பண்ணையாரின் குதிரைமேல் ஏறி, ஆற்றங்கரை வளைவில் விழுந்தவன். விழுந்ததோடு போயிருந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். கடிவாளக் கயிறு மணிக்கட்டில் கட்டியிருந்ததால், குதிரை அவனை மதகு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். தாசில்தார் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார்.

“எழுதுய்யா,” என்றார் பண்ணையார். “குடிச்சுட்டு ஏறினான். தடுத்தும் கேக்கலை. கயித்தை அவனே கட்டிக்கிட்டான்.”

பேனா ‘ஐயா’வோடு நின்றது.

கட்டச் சொன்னவரே இவர்தான். போன வருடம் ஒருவன் விழுந்தபோது குதிரை தறிகெட்டு ஓடி, வாய்க்காலில் காலை முறித்துக்கொண்டு செத்தது. அதற்காக மூன்று நாள் மில்லை மூடினார். விழுந்தவனின் தோளெலும்பு என்ன ஆயிற்று என்று இன்றுவரை கேட்கவில்லை. ‘ஆளு விழுந்தாலும் குதிரை ஓடக்கூடாது’ என்பது இந்த வருட உத்தரவு. முடிச்சுப் போட்ட கை காயாரோகணத்தின் கை.

“குடிச்சாரா?” எல்லையம்மாளின் குரல் உள்ளே பாய்ந்தது. “தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டுன மனுசன் குடிப்பாராய்யா? காப்பு இன்னும் கையிலதான் இருக்கு. போய்ப் பாருங்க!”

“அப்ப குதிரைதான் குடிச்சிருக்கணும்,” என்று மீரா உசேன் முணுமுணுத்தார்.

“என்ன பாய்?”

“கொள்ளுத் தண்ணியைச் சொன்னேங்க.”

காயாரோகணம் பேனாவை மூடினான். பந்தயத்தன்று ‘பாத்துண்ணே, காப்பு அறுந்துடப் போவுது’ என்றுதானே வீரையன் கையை நீட்டினான்? அந்த மஞ்சள் கயிற்றைப் பதமாக மேலே தள்ளிவிட்டுத்தானே இவன் முடிச்சை இறுக்கினான்! காப்பைக் காப்பாற்றத் தெரிந்த கைக்கு ஆளைக் காப்பாற்றத் தெரியவில்லை.

“சித்திரை வருது, குத்தகையைப் புதுப்பிக்கணும், காயாரோகணம்,” என்றார் பண்ணையார். “சட்டம் வந்துட்டுன்னு அவனவன் தாசில்தார்கிட்ட குத்தகையைப் பதிய ஓடுறான். நீ ஓடலை. நல்ல பிள்ளை. என் நிலம் மூணு மாவும் உன்கிட்டயே இருக்கணும்ல?”

காயாரோகணம் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“கட்டுனது நான். கட்டச் சொன்னது நீங்க. அதைத்தான் எழுதுவேன்.”

“எழுதுடா! அப்புறம் எந்த வரப்புல நிப்பே?”

“வீரையனுக்கு நிக்கவே காலு இல்லை. என் வரப்பைப் பேசுறீங்களா?”

மில்லைவிட்டு இறங்கிப் போய், தபாலாபீசுக் கட்டைச் சுவரில் காகிதத்தை வைத்துத் தாசில்தாருக்கு எழுதினான். யார் சொன்னது, எந்த இடத்தில், யார் கட்டியது என்று வரிசை பிசகாமல் எழுதினான். முடிச்சுப் போட்டது தன் கை என்பதை இரண்டு தடவை எழுதினான். காப்பு இன்னும் வீரையன் கையில் இருக்கிறது, நேரில் பார்க்கவும் என்றும் எழுதினான். கையெழுத்துக்குக் கீழே ‘செயலாளர்’ என்று போட்டதை அடித்துவிட்டு, ‘மேற்படி துரைராசு நிலத்தில் மூன்று மா குத்தகைச் சாகுபடி செய்பவன்’ என்று போட்டான்.

உறையின் வாயில் பசையைத் தடவி, முஷ்டியால் குத்தி ஒட்டினான்.

“மெதுவா, கிழிஞ்சிடப் போவுது,” என்றார் தபால்காரர். “சாதாவா, ரிஜிஸ்டரா?”

“ரிஜிஸ்டர். இன்னைக்குத் தபால் பையிலயே போவணும்.”

முத்திரை இரண்டு முறை இறங்கியது. உறை பைக்குள் விழுந்தது.