பச்சைக் கைப்பிடி

மாவுக்கட்டைப் பிரித்ததும் அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள்: "இது யாரோட கை?"

டாக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற கணவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அதே சந்தேகம்தான். கட்டுக்குள் போனது ஒரு நாளைக்கு ஆயிரம் பட்டன் அடிக்கிற கை. வெளியே வந்தது வெளுத்து, மெலிந்து, தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி ஒன்று.

பை தைக்கும் பட்டறையில் ஜன்னலோரம் இருக்கும் பட்டன் பிரஸ்தான் பத்தொன்பது வருஷமாக அவள் இடம். துணியை வைத்து, பட்டனை வைத்து, கைப்பிடியை இழுத்தால் 'டக்'. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த 'டக்' அவளுக்குச் சலித்ததே இல்லை. இரண்டு பட்டனுக்கு நடுவில் ஜன்னல் வழியே ஒரு துண்டு வானம் பார்த்துக்கொள்வாள். ஸ்டூலில் ஏறிப் பெட்டி எடுக்கப் போய் விழுந்து மணிக்கட்டு முறிந்ததில், வானமும் சேர்ந்து போயிற்று.

பட்டறை முதலாளியம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனுஷி. ஆனால் வேலை விஷயத்தில் கறார்.

"மாசம் ஒண்ணரை இருக்கு. ஒண்ணாம் தேதி வா. நாலு மடிப்பு கேன்வாஸ்ல இருபது பட்டன் அடிச்சுக் காட்டு. ஒண்ணு கூட ஆடக் கூடாது. அடிச்சிட்டா உன் இடம் உனக்கு. இல்லைன்னா மனசு கஷ்டப்படாதே, மடிப்பு மேஜையில உட்கார்ந்துக்கோ. வேலை போகாது."

வேலை போகாது, சரி. ஆனால் மடிப்பு மேஜையில் உட்கார்ந்தால் முதுகுதான் ஜன்னலைப் பார்க்கும்.

கணவருக்கு வேலையே கை பிரஸ் செய்வதுதான். படம் போடுவார், இரும்பு வெட்டுவார், பூட்டுவார். பட்டன் அடிக்க, தோலில் ஓட்டை போட, பழம் பிழிய, விதை உடைக்க என்று கையால் இழுத்து அழுத்துகிற எதுவும் அவர் மேஜையில் பென்சில் கோடாகத்தான் பிறக்கும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதிலும் பாதி பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'அரை நூல்'.

அவர்கள் கல்யாணமே ஒரு கைப்பிடியில் ஆரம்பித்ததுதான். பை பட்டறைக்குப் புது பிரஸ் பூட்ட வந்தவரிடம், அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவள் கேட்டாள்: "இது உங்க கைக்குச் செஞ்சீங்களா, எங்க கைக்குச் செஞ்சீங்களா?"

அவர் தன் தோளையே அளவாக வைத்து உயரத்தைப் போட்டிருந்தார். ஆறடி மனுஷர். அங்கே உட்காரப் போகிறவர்கள் எல்லாம் ஐந்தடிப் பெண்கள். காது சிவந்துபோய்க் கழற்றிக்கொண்டு போனவர், மறுநாள் அவள் முழங்கையை அளக்க அனுமதி கேட்டார். முழங்கைக்கு எதற்கு மூன்று நாள் அளவு எடுக்க வேண்டும் என்று பட்டறையே சிரித்தது.

இப்போது அதே மனுஷர் அவள் கைக்காக இன்னொன்று செய்தார். சமையலறைச் சுவரில் பூட்டும், காலி டப்பா நசுக்கும் கருவி. செங்குத்தாக ஒரு இரும்புத் தகடு, அதில் வழுக்கி இறங்கும் ஒரு கட்டை, கட்டையைத் தள்ள ஒரு கைப்பிடி. கீழே கூல்டிரிங்க்ஸ் டப்பாவை நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால், டப்பா அப்பளமாகிவிடும். கைப்பிடிக்குப் பச்சை பெயின்ட்.

டப்பாவுக்குப் பஞ்சமில்லை. அவள் தம்பி கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருக்கிறான். சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

"அக்கா, ஊரே என் கடையில குடிக்குது, உன் வீட்ல நசுங்குது. நல்ல கூட்டு வியாபாரம்."

"டேய், வாயை நசுக்கவும் உங்க மாமாகிட்ட ஒண்ணு செய்யச் சொல்றேன்."

முதல் நாள் அவர் பக்கத்தில் நின்றார். அவள் இழுத்தாள். கைப்பிடி பாதியில் நின்றது. டப்பா ஒரு நெளிவு கூட நெளியவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். டப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நீங்க வேலைக்குப் போங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பார்த்தா என் கை வெட்கப்படுது. நீங்க போனப்புறம் நான் பார்த்துக்கறேன்."

அன்று மதியம் படம் போடும் மேஜையிலேயே அவர் கண்ணயர்ந்துவிட்டார். கனவில் பச்சைக் கைப்பிடி வளர்ந்தது. ஜன்னலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாடிக்கு மேலே நீண்டுகொண்டே போனது. யாரோ அதில் துணி காயப்போட்டார்கள். நுனியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அந்தக் காகத்தின் கனத்தில், இங்கே சமையலறையில் டப்பா சத்தமே இல்லாமல் பூப்போல அமுங்கியது. அவருக்குக் கனவிலேயே ஆனந்தம். ஆனால் அவள் எங்கே என்று தேடினால், கைப்பிடியின் மேல் நடந்து நுனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிடக் கூப்பிடச் சின்னதாகிக்கொண்டே போனாள்.

விழித்தபோது கன்னத்தில் பென்சில் கோடு. மனதில் ஒரு யோசனை.

நெம்புகோல் யாருக்கும் எதையும் சும்மா தராது. பலம் குறைவாகக் கேட்கும். பதிலுக்குத் தூரம் அதிகமாகக் கேட்கும். கைப்பிடி நீண்டால் கை லேசாக இழுத்தால் போதும், கொஞ்சம் கூடுதலாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடிக் குழாய்க்குள் இன்னொரு குழாயைச் சொருகி, அதற்கும் அதே பச்சை பெயின்ட் அடித்தார். ஒரு திருகாணியைத் தளர்த்தினால் உள்குழாய் வெளியே வரும். இறுக்கினால் நின்றுவிடும்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் ஸ்பேனரை எடுத்தார். ஒரே ஒரு விரல்கடை, ஒரு விரல் அகலம், இழுத்துவிட்டு இறுக்கினார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டை டப்பா, வெயில் பட்டு வெள்ளிக்காசு மாதிரி மின்னியது.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"அட!" என்றார். நடிப்பு வராத மனுஷர். நல்லவேளை, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளுக்கு ஒரு விரல்கடை. அதற்கு மேல் இழுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். கைப்பிடியின் அடிப்பக்கம் அவள் எப்போதும் கைத்துணியை மடித்துத் தொங்கப் போட்டிருப்பாள். எங்கே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி காயப்போடுகிற பழக்கம் அவளுக்கு. அவர் அந்தத் துணியைத் தொடவே மாட்டார். ஒரு மடிப்பு கலைந்தால் கூட அவளுக்குத் தெரிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் இழுப்பார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். இங்கே ஸ்பேனர் கிறீச்சென்று முனகும் சத்தம். சோப்பு வாசனை கலந்த அந்தக் காலைகளில், தான் ஏதோ திருட்டுக் காதல் செய்வது போல அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜன்னல் விளிம்பில் காசுகள் கூடிக்கொண்டே போயின. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து, இருபது. காலை வெயில் அவற்றில் பட்டு உத்தரத்தில் சின்னச் சின்ன நிலாக்களாக நீந்தியது. அவள் படுத்தபடி அவற்றை எண்ணுவாள். சில சமயம் தூக்கத்தில் அவள் வலது கை மெல்ல உயர்ந்து இறங்கும். எதையோ அடிப்பாள். அவர் உதட்டிலேயே 'டக்' என்று சொல்லிக்கொள்வார்.

பன்னிரண்டு விரல்கடை சேர்ந்தால் ஒரு சாண். கைப்பிடி ஒரு சாண் வளர்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்: "திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி. நான் போறேங்க. கை தயார்."

அவர் கைப்பிடியைப் பார்த்தார். கை தயாராகவில்லை; கைப்பிடிதான் தயாராகியிருந்தது. பட்டறை பிரஸ்ஸில் இருப்பது பழைய குட்டைக் கைப்பிடி. இருபது பேர் பார்க்க அவள் இழுப்பாள், அது பாதியில் நிற்கும். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அவள் உத்தரத்து நிலாக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மதியம், எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிப் பட்டறைக்குப் போனார். கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு சாண் நீளமான புதுக் கைப்பிடியை மாட்டினார். பழையதைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. ஸ்பிரிங்கைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லி அவரும் தன் பையோடு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். தம்பி கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தான்.

"மாமா, நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்தறீங்க? பட்டன் அடிக்கப் போறது அக்காவா, நீங்களா?"

"சும்மா இருடா."

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். துண்டு வானம் அங்கேயே இருந்தது. கேன்வாஸை நாலாக மடித்து வைத்தாள், பட்டனை வைத்தாள், கைப்பிடியைப் பிடித்து இறக்கினாள்.

பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, வலிக்குதா?" முதலாளியம்மா குனிந்தார்.

"இல்லம்மா." கைப்பிடியை மெதுவாக மேலே விட்டாள். "பிரஸ் என்னோடது. கைப்பிடி யாரோடதோ."

"அது எப்பவும் இருக்கறதுதானே?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் கூட என் முழங்கை தொடையில இடிச்சதில்ல. இன்னைக்கு இடிக்குது. இன்னும் கீழே வான்னு இழுக்குது." அவள் திரும்பித் தூணைப் பார்த்தாள். "என்னங்க, பையில என்ன இருக்கு?"

"ஸ்பேனர்."

"அதுக்குக் கீழே?"

அவர் பைக்குள் கையை விட்டார். கொடுத்தால் அவள் இடம் போய்விடும். கொடுக்காவிட்டால்... அவளிடம் அவருக்கு இருந்த இடம் போய்விடும் போலிருந்தது. பழைய கைப்பிடியை எடுத்து நீட்டினார். காது, பத்தொன்பது வருஷம் முந்திச் சிவந்த அதே சிவப்பு.

"நீங்களே மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். திருகாணி இறுகியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

டக்.

கனவு என்றுதான் நினைத்தார். கண்ணைத் திறந்தார். முதலாளியம்மா பட்டனை நகத்தால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். அசையவில்லை.

டக். டக். டக். பதினேழாவது பட்டனில் அவள் மணிக்கட்டு லேசாக நடுங்கியது. நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். டக். டக். டக்.

முதலாளியம்மா இருபதையும் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எட்டரைக்கு வந்துடு." பிறகு அவர் பக்கம் திரும்பி, "இனிமே எண்ணெய் போட வரும்போது பையைக் காட்டிட்டுப் போங்க."

தம்பி விசிலடித்தான்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையில் நுழைந்ததும் அவள் சுவரைக் காட்டினாள். "அந்தத் துணியை எடுங்க."

நாற்பது நாளில் முதல் முறையாக எடுத்தார். துணிக்கு அடியில் பச்சை பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. நீட்டுவதற்கு முன் கைப்பிடியின் நுனி இருந்த இடத்தில் ஒரு தேய்வு. அதற்கு அரைச் சாண் கீழே, கைப்பிடியை மாட்டியிருக்கும் ஆணிக்குக் கிட்டத்தில், பலம் அதிகமாகக் கேட்கும் இடத்தில், இன்னொரு தேய்வு. அவர் ஒளிந்து ஒளிந்து நீட்டிய நுனியில் பெயின்ட் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"முதல் வாரம் பழைய இடத்துல பிடிச்சுத்தான் ஆரம்பிப்பேன். முடியாதப்ப நுனிக்குப் போய் முடிப்பேன். பதினஞ்சாம் நாளோட நுனிக்குப் போறதை விட்டுட்டேன். அப்புறம் நீங்க மேல மேல போனீங்க, நான் கீழ கீழ வந்தேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. காலைல ஏழு மணிக்குக் கைப்பிடி நிழல் அந்தச் சுவர்ல சுவிட்ச் வரைக்கும்தான் விழும். மறுநாள் அதே ஏழு மணிக்குச் சுவிட்ச்சைத் தாண்டிருச்சு. நிழல் சாயங்காலம் வளர்ந்தா சூரியன்னு நினைக்கலாம். காலைல ஏழு மணிக்கே வளர்ந்துக்கிட்டுப் போனா புருஷன்னுதானே நினைக்கணும்?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவள் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நான் தண்ணி ஊத்திக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன். எனக்காக ஒருத்தர் திருட்டுத்தனமா ஸ்பேனர் திருகற சத்தம். அதைக் கேட்டுட்டு வந்து பிடிச்சா, கைக்கு ஒரு தெம்பு."

மறுநாள் காலை. அவள் எட்டரைக்குப் பட்டறையில் இருக்க வேண்டும். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஸ்பேனரோடு பச்சைக் கைப்பிடி முன்னால் நின்றார். நீட்டுவதா, குறைப்பதா? இரண்டுக்கும் இனி வேலை இல்லை. உத்தரத்தில் நிலாக்கள் மெல்ல ஆடின.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இன்னைக்குச் சத்தமே காணோம்?"

அவர் திருகாணியை அரை நூல் தளர்த்தினார். அரை நூல் இறுக்கினார். தளர்த்தினார். இறுக்கினார். தண்ணீர் சத்தம் நிற்கும் வரை.