பக்ருதீன் பார்க்காத இரண்டாம் பாதி

வடசென்னையில் டோல்கேட் பக்கம் தார்ப்பாய் கடை வைத்திருக்கும் பக்ருதீனுக்கு ரீமேக் படம் என்றாலே ஆகாது. ஒருத்தர் ஆக்கின பிரியாணியை இன்னொரு சட்டியில் கொட்டிச் சூடு பண்ணி விற்கிற வேலை அது என்பார். 'டோல்கேட் டாக்கீஸ்' என்று ஒரு ஃபேஸ்புக் குழு உண்டு. அதில் அவர் எழுதும் விமர்சனத்துக்கு நல்ல மதிப்பு. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் நிறையப் பேர் பாய் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள்.

புதுப்படம் வெள்ளிக்கிழமை வரும். ஜும்ஆ தொழுகையும் வெள்ளிக்கிழமைதான். காலைக் காட்சிக்குப் போனால் இடைவேளையில் எழுந்து ஓடினால்தான் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர முடியும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தியேட்டர் கேட்டில் நிற்கும் தாவூது பழைய சிநேகிதர். காலையில் முதல் பாதி பார்த்துவிட்டுத் தொழப் போவார். சாயங்காலக் காட்சியின் இடைவேளைக்குத் திரும்ப வருவார். தாவூது அதே டிக்கெட்டில் உள்ளே விட்டுவிடுவார். மீதியைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரு மலையாளப் படத்தின் ரீமேக். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு பையன் கிரேன் விபத்தில் சாகிற கதை. ஒரிஜினலை பக்ருதீன் போனில் மூன்று தடவை பார்த்திருந்தார். அதில் பையனின் அப்பா இரண்டாம் பாதியில்தான் வருவார். சாயங்காலம் கடைக்கு லோடு வந்துவிட்டது. இறக்கி முடித்தபோது தியேட்டருக்குப் போக அலுப்பாக இருந்தது. ரீமேக்தானே, மீதிக் கதை தெரியாதா என்று நினைத்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டார்.

'முதல் பாதி அப்படியே ஜெராக்ஸ். ரெண்டாம் பாதி அதுவும் தேறல. மலையாளத்துல கடைசியில அந்த அப்பா கடலைப் பாத்துகினு சும்மா நிப்பாரு. நமக்கு நெஞ்சடைக்கும். இங்க அப்பாவா வர்றவரு மரக்கட்டை. ஒரிஜினலைப் பாருங்க. ரீமேக்குக்கு தண்டம் அழாதீங்க.'

'தப்பிச்சோம் பாய்', 'தேங்க்ஸ் பாய்' என்று கீழே வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் கை கூப்பும் படம் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை எதிர் வரிசையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ராமசெல்வி பொட்டலத்தோடு அவர் கடைக்கே வந்தாள். வழக்கமாக அவர்தான் அங்கே போவார். ராமசெல்வி திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்து இங்கேயே வேரூன்றியவள். புருஷன் சங்கரநாராயணன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அப்போது விசாகப்பட்டினம் போயிருந்தார்.

"பாய், படம் பாத்தியளா?"

"பாத்தேனே. எழுதிகூட போட்டேன்."

"படிச்சேன். ரெண்டாவது பாதி அம்புட்டு மோசமாவா இருக்கு?"

"ஒரிஜினல் பாத்தவனுக்கு இதெல்லாம் ஒண்ணியும் இல்ல ராமசெல்வி."

"அந்த அப்பா எப்படி நடிச்சிருந்தாரு?"

"அதான் எழுதினேனே. மூஞ்சில ஒண்ணுமே வர்ல. கல்லு கணக்கா நின்னுகினு கீறாரு."

ராமசெல்வி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சட்னி தனியா கட்டியிருக்கேன். ஆறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு பக்ருதீன் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சாபிரா தன் தங்கை ஷாஸியாவோடு அந்தப் படத்துக்குக் கிளம்பினாள்.

"நான் வேணாம்னு எழுதிகிறேன், நீ போற."

"நீங்க திட்ன படம்லாம் எனக்கு புடிச்சிக்கீது. அத நம்பித்தான் போறேன்."

திரும்பி வந்தவள் பர்தாவைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, ராமசெல்வி நடிச்சிக்கீறத பத்தி ஒரு வார்த்த எழுதுல நீங்க."

"எந்த ராமசெல்வி?"

"நீங்க தெனம் இட்லி துன்றீங்களே, அந்த ராமசெல்வி. செத்தவனுக்கு அம்மா. ரெண்டாம் பாதிலதான் வருது. ஷாஸியா துப்பட்டா புழிஞ்சா தண்ணி வரும், அப்டி அழ வெச்சிட்சி."

"அம்மாவா? அப்பா தானே?"

"எந்த அப்பா? அப்பன்தான் சின்ன வயசுலயே ஓடிட்டான்னு ரெண்டாம் பாதில சொல்லிட்றாங்களே." சாபிரா நிறுத்தினாள். "நீங்க பாக்கல."

"லோடு வந்துச்சி சாபிரா."

"லோடு வந்துச்சி, பாக்கலன்னு எழுத வேண்டியது தானே. கை இன்னா வலிக்குதா?"

முன்பு ஒரு தடவை ராமசெல்வி இந்தப் பக்கம் ஷூட்டிங் நடந்த வேறொரு படத்தில் நடித்ததும், படம் வந்தபோது அவள் வரும் காட்சியை வெட்டியிருந்ததும் அவருக்கு நினைவு வந்தது. தெருவே குடும்பம் குடும்பமாகப் போய்த் தேடிவிட்டு வந்து கிண்டல் பண்ணியது. கொஞ்ச நாள் அவளுக்கு 'கட்டிங் அக்கா' என்றே பேர். அவரும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அதனால்தான் இந்தத் தடவை, திரையில் தன் கண்ணால் பார்க்கிற வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது.

திங்கள் சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு தியேட்டருக்குப் போனார். கேட்டில் தாவூது தனியாக நின்றிருந்தார்.

"இன்னா மாமு, வெள்ளிக்கெழம சாய்ந்தரம் வர்வன்னு பாத்துகினே இருந்தேன்."

"வர முடில. கூட்டம் எப்டி?"

"ஈ ஓட்டிகினு கீறோம். நாளைலேந்து வேற படம். நீதான் நல்லா எழுதி வுட்டியே." தாவூது சிரித்தார். "அந்த இட்லிக்கட அம்மா பாவம். வெள்ளிக்கெழம காலைலயே கடைய மூடிட்டு வந்துச்சி. உனுக்கு ரெண்டு வரிச பின்னாலதான் குந்தினு இருந்துச்சி. நீ இன்டர்வெல்ல எயுந்து போனதும் என்னாண்ட வந்து, பாய் மீதியப் பாக்க வந்துருவாருல்லன்னு கேட்டுச்சி. கண்டிப்பா வர்வான்னு சொன்னேன்."

பக்ருதீனுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படியென்றால் சனிக்கிழமை காலையில் பொட்டலத்தோடு வந்து நின்று அத்தனை கேள்வி கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். லோடு வந்துவிட்டது, பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு அப்போது மூன்று தடவை இடம் கொடுத்திருக்கிறாள்.

உள்ளே அங்கங்கே ஒன்றிரண்டு தலைகள்தான் தெரிந்தன. மலையாளத்தில் கடல் வருகிற இடத்தில் இங்கே இடுகாடு வந்தது. மூலக்கொத்தளத்து இடுகாடு மாதிரியே இருந்தது. ஒரிஜினலில் அந்த அப்பா வாயே திறக்கமாட்டார். ராமசெல்வியோ வாயை மூடவே இல்லை. குழி வெட்டுகிறவனோடு சண்டை போட்டாள். திருநெல்வேலிப் பேச்சு துளிக்கூட இல்லை. தினமும் கடையில் காதில் வாங்கிய மெட்ராஸ் பேச்சு அப்படியே வந்தது.

"இன்னா நைனா, அதுக்குள்ள தண்ணி ஊறுது? இதுல எப்டி படுப்பான்? அவனுக்கு சளி ஒத்துக்காது. அந்தாண்ட மேடா ஒரு எடம் பாரு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரம் இருக்கிறதா என்று காலால் மிதித்து மிதித்து அந்த இடுகாடு முழுக்க அவள் நடந்தாள். அழவே இல்லை. பக்ருதீனுக்குத்தான் கண்ணீர் திரையை மறைத்தது.

முதல் பாதி ஜெராக்ஸ் என்பதில் அவருக்கு இப்போதும் மாற்றமில்லை. ஒரிஜினல்தான் பெரிய படம் என்று கேட்டால் சொல்வார். ஆனால் இந்த அம்மா ஒரிஜினலில் இல்லை. இவளைப் பார்க்க இந்தப் படத்துக்குத்தான் வர வேண்டும்.

வெளியே வந்து படியில் நின்று எழுதினார். 'ரெண்டாம் பாதியை இன்னொரு தடவ பாத்தேன். நல்லா வந்திருக்கு. நம்ம ஏரியா ராமசெல்வி பின்னியிருக்காங்க. நைட் ஷோவுக்குப் போங்க.' இன்னொரு தடவை என்று எழுதும்போதே விரல் தயங்கியது. ஆனாலும் அழிக்கவில்லை.

கீழே வந்த பதில்களைப் பார்த்தபோது அழித்திருக்கலாம் என்று தோன்றியது. 'பணக் கவர் வந்துச்சா பாய்?' 'இட்லி ஃப்ரீயா பாய்?' 'கட்டிங் அக்காவ இந்த தபா வுட்டுட்டாங்களா?' யாரும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை தியேட்டரில் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மற்ற தியேட்டர்களையும் போனில் தேடிப் பார்த்தார். எங்கேயும் ஓடவில்லை.

அன்று அவர் இட்லிக் கடைப் பக்கம் போகவில்லை. புதன்கிழமை போனார். சங்கரநாராயணன் ஊரிலிருந்து வந்திருந்தார். லுங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் தட்டோடு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க பாய். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்றார் சங்கரநாராயணன். "நாயுடுபேட்டையில டீ குடிக்கையில நீங்க எழுதுனத படிச்சேன். நல்லவேள, தண்டம் அழாம தப்பிச்சோம்னு இவகிட்ட போன்ல சொன்னேன். அன்னைக்கு இவ ஒண்ணும் பேசல. இப்ப வந்து எறங்குனா, அந்தப் படத்துல அம்மா வேசம் நாந்தான்னு சொல்லுதா. நீங்க அப்பான்னுல்லா எழுதியிருக்கிய?"

ராமசெல்வி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மறுபடியும் வெட்டிருப்பானுவ, போனாப் போவுது விடுன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க முழுசா பாத்தவரு. இவ வாராளா, இல்லியா?"

திங்கட்கிழமை எழுதினதைச் சொன்னால் போதும் என்று ஒரு கணம் தோன்றியது. வருகிறாள், நன்றாக நடித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு இட்லி வாங்கிக்கொண்டு போய்விடலாம். ராமசெல்வியும் மறுக்கமாட்டாள்.

"வர்றாங்க" என்றார் பக்ருதீன். "கடைசி சீனே அவங்கதான். ஆனா வெள்ளிக்கெழம எழுதினப்ப நான் அத பாக்கல. இன்டர்வெல்ல எயுந்து ஜும்ஆக்கு போனவன், திரும்பி போவல. மலையாளத்துல பாத்தத வெச்சி எழுதிட்டேன். அந்த அப்பா இந்த படத்துலயே இல்ல. திங்கக்கெழமதான் பாத்தேன். அப்பவும் இன்னொரு தடவன்னு பொய் எழுதினேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மெல்வதை நிறுத்திவிட்டார். "அட இன்னா பாய், உன்ன நம்பி டிக்கெட்ட கேன்சல் பண்ணேனே" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

ராமசெல்வி கையிலிருந்த கரண்டியை மாவுப் பாத்திரத்தில் விட்டாள்.

"எனக்குப் பிடிக்கலன்னு எழுதியிருந்தாக்கூட வருத்தம் இல்ல பாய். பாத்துட்டு எழுதியிருக்கலாம்லா."

"ஆமா."

"சனிக்கிழமையாவது சொல்லுவியன்னு பாத்தேன்."

சங்கரநாராயணன் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். போனில் தான் சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சட்டையப் போட்டுட்டு வாரேன். காலைக் காட்சி எந்தத் தியேட்டர்ல பாய்?"

பக்ருதீன் வாயைத் திறந்தார். ராமசெல்விதான் சொன்னாள், புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

"படத்த எடுத்துட்டாங்க. உக்காந்து உரிங்க."