துவைக்காத துண்டு

அந்த நாய்க்குட்டி வீட்டுக்குள் வந்ததும் செய்த முதல் காரியம், வாசல் மிதியடியில் வாந்தி எடுத்தது. இரண்டாவது காரியம், அந்த வாந்தியைத் தானே நக்கித் தின்றது. பளிச்சக்காவுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது.

பளிச்சக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வீட்டின் முன்னறையில் சலவைக்கடை நடத்துகிறாள். அவள் கைக்குப் போன சட்டை கறையோடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. அழுக்கு அவளுக்கு ஜென்மப் பகை. வயதான தன் நாயையும் அப்படித்தான் வளர்த்திருந்தாள். அவருக்குப் பெயர் துரை. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி நீட்டுவார். துடைத்துவிட்டால்தான் உள்ளே வருவார். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு சொன்னபடி கேட்காது என்று பெருமை அடித்துக்கொள்வாள்.

குட்டியைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன். ஒரு கிடங்கில் சூப்பர்வைசர்.

"எங்கக்கா போற புது வீட்டுல நாய் வச்சுக்கக் கூடாதாம். நாமதானே பாத்துக்கணும்?"

"வாந்தியத் தொடைக்க உங்கக்கா வருவாங்களா?"

நாத்தனார் வீட்டில் வேண்டாதது எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். கால் உடைந்த நாற்காலி வந்தது, ஓடாத மிக்சி வந்தது, இப்போது இது. மூக்கு ஒழுகியது. வால் அடியில் எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. தொட்ட கை பிசுபிசுத்தது. பிசுக்கு என்று அவள் திட்டியதே அதற்குப் பெயராகிவிட்டது.

துரை ஒரு பார்வை பார்த்து உறுமினார். புருஷனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒத்துப்போகணும். இவன் அதக் கடிச்சான்னா, கிடங்குல கொண்டுபோய்க் கட்டிடுவேன். காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கிடங்கில் முன்பு கட்டியிருந்த நாயை அவள் பார்த்திருக்கிறாள். எண்ணெய்ச் சேற்றில் படுத்துக் கிடக்கும். சங்கிலி அறுத்த கழுத்துப் புண்ணில் ஈ மொய்க்கும். அந்த இடத்தில் துரையா?

உடனே நாய் டாக்டரம்மாவிடம் ஓடினாள். டாக்டரம்மா வழி சொன்னார்: கொஞ்ச நாளைக்கு இரண்டும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். இது படுத்த துண்டை அதற்கும், அது படுத்த துண்டை இதற்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். முதலில் வாசனை பழகினால் பிறகு ஆளைப் பார்த்துச் சண்டை வராது.

பளிச்சக்கா அதை இம்மி பிசகாமல் செய்தாள். சாயங்காலம் ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போவாள். பிசுக்கு நனைத்த துண்டை இரண்டு விரல் நுனியால் தூக்கி வருவாள். அதை வெந்நீரில் ஊறப்போட்டு, துவைத்து, அலசி, இஸ்திரி போட்டு மடித்துத் துரைக்கு விரிப்பாள். துரை வெதுவெதுப்பாகச் சுருண்டு கொள்வார். பார்க்கப் பார்க்க அவளுக்கு நம்பிக்கை வந்தது.

விடுமுறை நாளன்று கதவைத் திறந்தார்கள். துரை பாய்ந்தார். குட்டியின் காது கிழிந்து ரத்தம் வழிந்தது. அது கத்திய கத்தலில் போன மூத்திரம் இஸ்திரி மேசை வரைக்கும் ஓடியது.

புருஷன் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான். பல்லிடுக்கைக் குடைந்துகொண்டே சொன்னான்:

"நாளைக்குக் காலைல கிடங்கு வண்டி வருது. இவன ஏத்தி விட்ருவேன்."

குடைந்த விரலை மேசை விரிப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தான். துரை சின்னக் குட்டியாக இருந்தபோது, விரலைப் பாலில் நனைத்து ஊட்டியவனும் இவன்தான். அவள் வயிற்றிலிருந்து அருவருப்பு பொங்கி வந்தது. வாந்தியைத் தின்ற குட்டியைப் பார்த்துக்கூட இவ்வளவு வரவில்லை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினாள். டாக்டரம்மா காதுக்கு மருந்து வைத்தபடியே கேட்டார்.

"துண்ட மாத்தினீங்களா?"

"ஒரு நாள் தவறல டாக்டர். வெந்நில துவைச்சு, இஸ்திரி போட்டு..."

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. "துவைச்சீங்களா?"

"பின்ன? அந்த நாத்தத்தோடயா குடுப்பாங்க?"

"அந்த நாத்தத்துக்குத்தாம்மா மாத்தச் சொன்னேன். நீங்க துரைக்கு உங்க சோப்பத்தான் பழக்கி வச்சிருக்கீங்க!"

வழி நெடுக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். பின்னறையில் தரையில் உட்கார்ந்து, வெள்ளை ஏப்ரனில் குட்டியைக் கிடத்திக்கொண்டாள். அது வாந்தி தின்ற அதே வாயால் அவள் மோவாயை நக்கியது. பிறகு மடியிலேயே சூடாக மூத்திரம் போய்விட்டது. கை தன்னால் வாளிப் பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டாள். ஈரம் தொடை வரை இறங்கியது. "நாசமாப் போற சனியனே," என்று திட்டிக்கொண்டே அதைத் தடவினாள்.

அந்த ஏப்ரனோடேயே போய்த் துரை பக்கத்தில் உட்கார்ந்தாள். துரை முகர்ந்துவிட்டு, நீயா இப்படி என்பதுபோல் பார்த்தார். விலகிப் போனார். திரும்ப வந்தார். கையை முகர்ந்தார், மோவாயை முகர்ந்தார், ஏப்ரனை வெகுநேரம் முகர்ந்தார். கடைசியில் அந்த ஈரத்தின் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டார்.

குட்டி தயங்கித் தயங்கிப் பின்னறை வாசற்படி தாண்டி வந்தது. அவள் துரையின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். துரை எழுந்து போய் அதன் பின்புறத்தை முகர்ந்தார். பிறகு, அவள் சோறு போட்டு, குளிப்பாட்டி, கால் துடைத்து வளர்த்த அந்தத் துரை, குட்டியின் வால் அடியை நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். அவளுக்குக் குமட்டலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காலையில் வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. புருஷன் கையில் சங்கிலியோடு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். ஒரே துண்டில் இரண்டும் பின்னிக் கிடந்தன.

"ஐய, என்ன நாத்தம் இது! ஆமா, என் சட்டை எங்க?"

"கூடையில கெடக்கு. துவைக்கல."

"ஏன்?"

"சங்கிலிய அந்த வண்டியிலயே போட்டனுப்புங்க, சொல்றேன்." ஏப்ரனை அவிழ்க்காமலே அவள் எழுந்தாள். "வருஷக்கணக்கா உங்களத் துவைச்சுத் துவைச்சுப் போட்டதுல, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே கொஞ்ச நாளைக்குத் துவைக்காமப் பாக்கறேன்."