வெள்ளைச் சரக்கு

நகத்துக்கு அடியில் இருந்த கொழுப்பு வெந்நீருக்கும் மசியவில்லை. அவள் தீக்குச்சியின் முனையைச் சீவி, கணவனின் விரல்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் போன உயிர். விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. பக்கத்து வீட்டுத் தையற்காரி வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போதும்டி. அவரு நகத்தை யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல, அக்கா."

வாசலில் கார் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். கணவனுக்கு அண்ணன், சோப்புக் கம்பெனி முதலாளி. அவர் பின்னாலேயே சோப்பை மொத்தமாக எடுக்கும் வியாபாரியும் இறங்கினார். புது ஒப்பந்தம் பேச வந்த இடத்தில் சாவு விழுந்துவிட்டதால், மரியாதைக்குக் கூடவே வந்திருந்தார்.

அந்தச் சோப்பில் பாதிக்கு மேல், அவள் கணவன் பின்பக்கக் கொட்டகையில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. உறையிலோ ஒரு பச்சை இலையைப் போட்டு 'முழுவதும் தாவர எண்ணெய்' என்று அச்சடித்திருக்கும். கம்பெனியில் கொழுப்பு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'வெள்ளை' என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவரின் மனைவி வேலைக்காரியைத் திட்டும்போதுகூட, "உடம்பெல்லாம் உனக்கு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, "...திமிருடி" என்று முடிப்பாளாம். கணவன் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பான். அவனுக்கு அந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. வெட்டி வந்தது நிணம், உருக்கினால் நெய், துணியில் தங்கினது சக்கை. "பேரு இருக்குற பொருளை எதுக்குடி திருட்டுப் பிள்ளை மாதிரி கூப்பிடணும்?" என்பான்.

போன வருஷம் இதே வியாபாரி கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். கொட்டகையிலிருந்து பிசுக்குச் சட்டையோடு வெளியே வந்த தம்பியைக் காட்டி, "நம்ம வாசல் கூட்டுற ஆளு" என்றாராம் பெரியவர். அதையும் கணவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றிரவு சோற்றுத் தட்டைத் தொடவில்லை. அவன் மறந்திருக்கலாம். அவள் அந்தத் தட்டை மறக்கவில்லை.

வியாபாரி கைகூப்பி நின்றவர், சடலத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இவரை நான் பாத்திருக்கேனே. உங்க கம்பெனியில வாசல் கூட்டுறவர்தானே?"

பெரியவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"ஒரே வயித்துல பொறந்த தம்பிங்க" என்றாள் தையற்காரி, யாரும் கேட்காமலே.

வியாபாரி சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பெரியவர் அவள் காதருகே குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. காலையில சரக்கு வந்து இறங்கிருச்சு. வெயில் வேற. சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போயிடும்."

"எந்தச் சரக்கு, மாமா?"

"அதாம்மா... வெள்ளை."

"வெள்ளைத் துணியா? அதெல்லாம் அக்கா வாங்கிட்டு வந்துட்டாங்க."

தையற்காரி கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டாள்.

"துணி இல்லம்மா. அவன் கொட்டகையில காய்ச்சுவானே, அது."

"டீயா மாமா?"

"வெளையாடாதே. ஆளுங்க ஒரு அண்டா காய்ச்சிட்டாங்க, கிட்டப் போக முடியல. அவன் மட்டும் எப்படி வாடையே இல்லாம எடுத்தான்? உன்கிட்ட சொல்லியிருப்பான்ல?"

"எதை மாமா? பேரைச் சொல்லிக் கேளுங்க. அழுது அழுது காது அடைச்சுப்போச்சு."

காலையிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை என்பது தையற்காரிக்குத் தெரியும்.

"வெள்ளைம்மா... வெள்ளை..."

"கொஞ்சம் சத்தமா, மாமா."

"கொழுப்புடி! மாட்டுக் கொழுப்பு! சோப்புக்கு அதை நாத்தமில்லாம எப்படி உருக்குறதுன்னு கேக்குறேன், செவிட்டு முண்டம்!"

வீட்டுக்குள் இருந்த அழுகை நின்றது. வாசலில் இருந்த பேச்சும் நின்றது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படித் தெளிவாக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றாள் அவள். நாற்காலி வரை கேட்கும் குரலில், நிதானமாக, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "பொடிசா நறுக்கணும். கொஞ்சமா தண்ணி விட்டு, சின்னத் தீயில வைக்கணும். சட்டி சடசடன்னு பேசிக்கிட்டே இருக்கும். பேச்சு நின்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். துணியில வடிகட்டி, உப்புத் தண்ணியில மறுபடி உருக்கி ஆறவைக்கணும். அடியில கறுப்பாப் படியும். அதைச் சுரண்டி எறிஞ்சிட்டு, வாடை போற வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். உங்க தம்பிக்கு அதுல சலிப்பே வந்ததில்ல."

வியாபாரி சடலத்தின் காலடியில் இன்னொரு முறை கைகூப்பினார். பிறகு செருப்பைத் தேடினார்.

"இருங்க சார், கார்லயே கொண்டுபோய் விடுறேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேணாம். நடந்துக்குறேன்."

பெரியவர் கார் சாவியும் கையுமாகப் படியிலேயே நின்றார். தெருமுனை திரும்பும் வரை வியாபாரி திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி ஆறிப்போச்சு" என்றாள் தையற்காரி. "மாத்திட்டு வரட்டுமா? கட்டைவிரல் ஒண்ணுதான் மிச்சம்."

அவள் கணவனின் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் அது வெள்ளையாக, மெழுகு போல உறைந்திருந்தது. தீக்குச்சியைக் கிண்ணத்தில் போட்டாள். அந்தக் கையைத் தூக்கி, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி, அவன் நெஞ்சின் மேல் வைத்தாள்.